முன் சக்கரத்து மண்

சாமுவேல், கிரேஸ், உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் சாமுவேல் போனில் கேட்டான்: "அப்பா, சகலேஷ்பூர் பக்கம் ஒரு எஸ்டேட்ல ஜீப் ஓட்டற வேலை கெடச்சிருக்கு. ஃபோர் வீல் வண்டியாம். நான்தான் பெங்களூர்ல ஆல் வீல் காரே ரெண்டு வருஷமா ஓட்டறேனே, ரெண்டும் ஒண்ணுதானே?" எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எழுத உட்காரவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

கிரேஸ், நீ ஸ்கூல் வேன் ஓட்டுகிறாய். உனக்கு இந்த இரண்டு வண்டியும் வேண்டியதில்லை. ஆனாலும் நீயும் படி. சின்ன வயதில் நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய், நான் பொய் சொன்னேன். அதற்கும் பதில் இதில் இருக்கிறது. ஸ்டாண்டில் உங்களோடு நிற்கிற டிரைவர் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். நான் எட்டாம் கிளாஸ் வரைதான் படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒன்றில்லை.

ஜீப்பில் இஞ்சினுடைய இழுவை சாதாரணமாகப் பின் சக்கரங்களுக்குத்தான் போகும். முன் சக்கரங்கள் சும்மா உருண்டு வரும். சேறு, மணல் வந்தால் சின்னக் கம்பி ஒன்றை இழுக்க வேண்டும், அப்போது முன்பக்கமும் இழுவை போகும். தங்க மைன்ஸில் நான் ஓட்டிய ஜீப்பில் அதுவும் போதாது. முன் சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் உள்ளங்கை அளவுக்கு ஒரு திருகு இருக்கும். ஹப் என்போம். டிரைவர் கீழே இறங்கி, இடது பக்கம் ஒன்று, சுற்றி வந்து வலது பக்கம் ஒன்று, கையால் திருகி 'லாக்'கில் வைக்க வேண்டும். 'ஃப்ரீ'யில் இருந்தால் நீ கம்பியை இழுத்தாலும் இழுவை அச்சு வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிடும், சக்கரத்துக்குப் போகாது. உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது. கம்பி விழுந்த சத்தம் கேட்கும், எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வான்.

தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். ஜீப்பில் முன் அச்சையும் பின் அச்சையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். வளைவில் முன் சக்கரம் அதிக தூரம் சுற்றப் பார்க்கும், பின் சக்கரம் விடாது. மண்ணாக இருந்தால் டயர் கொஞ்சம் சறுக்கிச் சமாளிக்கும். தாரில் சறுக்க வழி இல்லை, வண்டி தன்னைத் தானே பிடித்து இழுத்துக்கொள்ளும்.

ஆல் வீல் வண்டியில் நடுவில் இன்னொரு பல்சக்கரப் பெட்டி உண்டு. முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற அது விட்டுக்கொடுக்கும். அதனால் தாரிலும் சேற்றிலும் நாலு சக்கரமும் எந்நேரமும் வேலை செய்யலாம். இழுக்கக் கம்பி இல்லை, திருக ஹப் இல்லை, இறங்க வேண்டிய அவசியம் இல்லை. சாமுவேல், அந்த 'இறங்க வேண்டிய அவசியம் இல்லை' என்பதில்தான் நான் மாட்டினேன்.

தாரில் எடுக்க மறந்த தப்பை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே செய்தேன். பேத்தமங்களா ஏரிக்கரைச் சேற்றில் நாலு சக்கரமும் போட்டு ஏறியவன், அப்படியே தார் ரோட்டில் நம் ஊர் மைசூர் மைன்ஸ் வரைக்கும் வந்துவிட்டேன். கேரேஜ் வாசலில் திருப்பினால் டயர் கத்துகிறது. கம்பி வரவே மாட்டேன் என்கிறது. கேரேஜில் வண்டி பழுது பார்க்கிற பிட்டர் ஒருவர் எழுந்து வந்தார். ஏறக்குறைய என் வயதுதான். அவர் பெயரை எழுதவில்லை, காரணம் பிறகு புரியும். உங்களுக்கு அவர் 'பிட்டர் மாமா'.

"இன்னாபா, மாமியாரையும் மருமவளையும் ஒரே கயித்துல கட்டி இட்டாந்துகீற?" என்றார்.

"கம்பி வரலண்ணா."

"அண்ணாவா? உன்னவிட சின்னவன் நானு. பின்னால எடு. இன்னும் கொஞ்சம். போதும். இப்ப தட்டு."

நாலடி பின்னால் போனதும் முறுக்குத் தளர்ந்து கம்பி தானாக விழுந்தது. அவர் இதை ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதவில்லை. அன்றிலிருந்து மதியச் சாப்பாடு இரண்டு பேருக்கும் ஒரே டிபன் கேரியரில். கிறிஸ்மஸ் காலையில் முதல் பலகாரத் தட்டு அவர் வீட்டிலிருந்துதான் நமக்கு வரும். கிரேஸ், கல்கல் இருந்தால்தான் நீ மற்றதைத் தொடுவாய்.

டிரைவர் வேலையில் அப்படி ஒரு ஆள் வேண்டும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு போவோம், போன இடத்தில் அவர்கள் எல்லாம் உள்ளே போய்விடுவார்கள். சுரங்க ஷாஃப்ட்டில் இறங்குகிறவனுக்குக் கேஜ் கூண்டில் பக்கத்தில் ஆள் இருக்கும். நமக்கு ஸ்டீயரிங்தான். மரத்தடியில் ஜீப்பை நிறுத்திவிட்டு நாலு மணி நேரம் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு வருகிற எனக்கு, அந்தச் சாப்பாட்டு நேரம் எத்தனை பெரிது என்று அது போன பிறகுதான் தெரிந்தது.

மைன்ஸ் மூடுவதற்கு மூன்று வருஷம் முன்னால் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் வந்தார்கள். தங்கம் எடுத்தது போக மிச்சமான கல்மாவைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்திருக்கிறோமே, சயனைடு மேடு, அதில் இன்னும் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள். ஒரு நீலக் கார் கொண்டுவந்தார்கள். ஆல் வீல். அதை ஓட்ட என்னைப் போட்டார்கள். நாலு மாதம். மேட்டில் ஏறினாலும் சரி, ஊருக்குள் வந்தாலும் சரி, சாவியைத் திருப்பினால் போதும். முதல் வாரம் பழக்கத்தில் மேட்டடியில் நிறுத்தி இறங்கிவிட்டேன். திருக ஒன்றுமில்லாமல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் இறங்கவில்லை. அவர்கள் போனதும் என்னைப் பழைய ஜீப்பில் திரும்பப் போட்டார்கள். அதற்கு முந்தின வாரம்தான் பிட்டர் அதில் முன்பக்கத்துக்கு இழுவை அனுப்புகிற நாலு சக்கரப் பெட்டியை இறக்கிப் பார்த்து, பழுதில்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தார்.

மூன்றாம் நாள், புதன்கிழமை காலை, நல்ல மழை. மேட்டின் மேலே காவலுக்கு இருந்த முனியப்பா சறுக்கி விழுந்து கால் உடைந்து கிடக்கிறார் என்று ஆள் ஓடி வந்தது. ஆம்புலன்ஸ் அந்த மேட்டில் ஏறாது. ஜீப்பை எடு என்றார்கள். நான் எடுத்தேன். மேட்டடி வந்தது. கம்பியை இழுத்தேன், சத்தம் கேட்டது. நிற்கவில்லை. இறங்கவில்லை. நாலு மாதத்தில் இறங்குவதை என் கால் மறந்திருந்தது.

பாதி மேட்டில் பின் சக்கரம் இரண்டும் குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. அந்த மண் நனைந்தால் பிசைந்த மாவு. ஜீப் முழுக்க அப்பிக்கொண்டது. இறங்கினேன். இறங்கி நேரே பின்னால்தான் போனேன், கல்லும் சாக்கும் போட. முன் சக்கரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சேதி கொண்டுவந்து என்னோடு ஜீப்பில் ஏறியிருந்த ஆள் இன்னும் நாலு பேரைக் கூட்டிவரக் கீழே ஓடினான். நான் மேலே நடந்து முனியப்பாவிடம் போனேன். தார்ப்பாயை அவர்மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்ட்ரெச்சர் தூக்கிக்கொண்டு ஆட்கள் அந்த வழுக்கலில் ஏறி வர மூன்று மணி நேரம் ஆனது. நடுவில் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ ஏன் சாமி அழுவுற? காலு என்துது."

அவர் பிழைத்தார். கால் சற்றுக் குட்டையாகவே கூடியது.

கீழே வந்ததும் டிரான்ஸ்போர்ட் ஆபீசர் எல்லார் முன்னாலும் கேட்டார், "ஏன்யா ஏறல வண்டி?" நான் யோசிக்கவில்லை. "முன்னால புடிக்கல சார். பெட்டியில பழுது" என்றேன். பிட்டர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்.

பிள்ளைகளே, அவசரத்தில் செய்கிற முதல் தப்பு யாருக்கும் நடக்கும். அவசரத்தில் சொல்கிற முதல் வார்த்தை அதைவிட மோசமானது. அதை எழுதி வைத்துக்கொள்வதற்கு ஒருவர் பக்கத்தில் நிற்பார்.

மாலை டிராக்டர் கட்டி ஜீப்பைப் பின்பக்கமாக இழுத்து கேரேஜில் விட்டார்கள். மறுநாள் காலை வழக்கம்போல வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். ஷிப்டில் முதல் வேலை அதுதான், எந்த டிரைவருக்கும். இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து மக்கைத் தண்ணீரில் விட்டேன். ஹப்பின்மேல் மண் படிந்து காய ஆரம்பித்திருந்தது. அந்த மண்ணுக்கு அடியில் திருகின் மேடு தெரிந்தது. குறி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் தெரிந்தது. ஃப்ரீ.

சுற்றிப் போய் வலது பக்கம் பார்த்தேன். அதுவும் ஃப்ரீ.

மக் கையில் இருந்தது. ஒரு மக் தண்ணீர் ஊற்றித் துடைத்து, இரண்டையும் திருகி லாக்கில் வைத்திருந்தால் இந்த உலகத்தில் எவனுக்கும் தெரிந்திருக்காது. நான் ஊற்றவில்லை. அதை ஒரு பெருமையாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் வாயையும் திறக்கவில்லை. வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.

அதே காலை பிட்டர் ஆபீசரிடம், "சார், பெட்டி நல்லா கீது. இப்பவே ஓட்டிக் காட்டறேன்" என்று கேட்டிருக்கிறார். "ராத்திரி பூரா வண்டி உன் கேரேஜ்ல இருந்துச்சு. சரி பண்ணிட்டு ஓட்டிக் காட்டுவே. விசாரணை வரைக்கும் எவனும் தொடக்கூடாது" என்று சொல்லி, ஜீப்பை வேலியோரம் திறந்த வெளியில் தள்ளி விட்டார்கள். வெள்ளிக்கிழமை பிட்டருக்கு சார்ஜ் ஷீட், குற்ற ஓலை, கொடுத்தார்கள். அந்த வருஷங்களில் ஆளைக் குறைக்க லிஸ்ட் மேல் லிஸ்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள். சார்ஜ் ஷீட் வாங்கினவன் பெயர் அதில் முதலில் வரும், வேலையோடு மைன்ஸ் கொடுத்த லைன் வீடும் போகும். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

அன்று மதியம் நான் டிபன் கேரியரைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் வரவில்லை.

சனிக்கிழமை காலை ஆபீசர் அறைக்குப் போனேன். "சார், பெட்டியில பழுதில்ல. நான்தான் ஹப் போடல."

அவர் பேனாவை மூடிக்கொண்டே சிரித்தார். "இன்னாயா இது? புதன்கிழமை பழுதுன்ற. அவனுக்கு ஓலை போனதும் இல்லன்ற. ரெண்டு பேரும் ஒரே டிபன்ல தின்றவங்க. அவனக் காப்பாத்தப் பாக்கறியா?"

"இல்ல சார். வந்து பாருங்க. ஹப் ஃப்ரீல கீது."

"நேத்து நீ திருப்பி வச்சிருப்பே."

"மண்ணு ஒட்டிக்கினு கீது சார். திருப்பினா ஒடைஞ்சி போயிருக்கும். ஒடையல."

அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். பிறகு, "திங்கக்கிழமை விசாரணையில பாக்கறேன். அப்ப மண்ணு இல்லன்னா உன் பேச்சும் இல்ல" என்றார்.

வெளியே வந்தால் பேத்தமங்களா பக்கம் வானம் கறுத்திருந்தது.

அந்த மண் காய்ந்தால் சிமென்ட். ஆனால் ஒரு நல்ல மழை போதும், கரைந்து வழிந்துவிடும். என் தப்புக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். ஓடிப் போய் ஸ்டோரிலிருந்து பிளாஸ்டிக் ஷீட் வாங்கி, இரண்டு முன் சக்கரத்தையும் மண்ணில் படாமல் சுற்றிக் கட்டினேன். அதன்மேல் சாக்கு. வண்டியின் அடியில் பெட்டி இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் தெறிக்காமல் சுற்றிலும் தகரம் சாத்தினேன். ஷிப்ட் முடிந்து போனவர்கள் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தார்கள்.

"இன்னா டிரைவர், ஜீப்புக்கு கோமணமா?"

"காய்ச்சல் வந்துகீது போல. கஷாயம் குடு பா."

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மூன்று நாளில் கூட வேலை செய்கிறவர்கள் யாரும் என்னோடு பேசியிருக்கவில்லை. கேலியாகவாவது பேசினார்களே என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டு விட்டுப் பெய்தது. உங்களை அம்மாவோடு கோயிலுக்கு அனுப்பிவிட்டு நான் வரவில்லை என்றேன். குடையோடு வந்து ஜீப் பக்கத்தில் ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். காற்று ஷீட்டைத் தூக்கும்போதெல்லாம் எழுந்து கட்ட வேண்டியிருந்தது. கோயில் மணி கேட்டது. பாட்டு கேட்டது. முதன்முறையாக வெளியிலிருந்து கேட்டேன்.

கோயில் விட்டதும் பிட்டர் வெள்ளைச் சட்டையோடு வேலியோரமாக வந்தார். நின்றார்.

"இன்னா பண்ற?"

"மண்ணு நனையாம பாத்துக்கறேன்."

"இன்னா மண்ணு?"

சொன்னேன். ஹப்பை, மண்ணை, ஆபீசரை, எல்லாவற்றையும். மழையில் நின்றுகொண்டே கேட்டார். குடையை நீட்டினேன், வாங்கவில்லை. முகம் முதலில் கொஞ்சம் இளகியது. என்னைத் திட்டப் போகிறார், திட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

"ஹப் போடலன்னு உனக்கு எப்ப தெரிஞ்சிது?" என்று கேட்டார்.

அங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொல்லியிருந்தால் போதும்.

"வியாயக்கெழம காலையில."

அவர் விரலை மடக்கவில்லை, ஆனால் எண்ணுவது தெரிந்தது. "வெள்ளிக்கெழம எனக்கு ஓலை குடுக்கும்போது நீ வராண்டாலதானே நின்னுக்கினு இருந்தே?"

"ஆமா."

"சரி" என்றார். போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீசர் இன்னும் இரண்டு பேரோடு வந்தார். கட்டை அவிழ்த்தேன். மண் சாம்பல் நிறத்தில் கல்லாகியிருந்தது. ஆபீசர் குந்தி உட்கார்ந்து பேனா முனையால் திருகைச் சுற்றித் தட்டிப் பார்த்தார். விரிசல் இல்லை. வலது பக்கமும் அப்படியே. வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பெட்டியின் போல்ட்டுகளைப் பார்த்தார். அவற்றின்மேலும் மண் ஓடு உடையாமல் இருந்தது, யாரும் ஸ்பேனர் வைக்கவில்லை. பிறகு பிட்டரைக் கூப்பிட்டு ஹப்பை லாக்கில் வைக்கச் சொன்னார். மண் பொரிந்து விழுந்தது. பிட்டர் ஏறி உட்கார்ந்து கம்பியை இழுத்து, வேலியோரத்துச் சேற்றில் வேண்டுமென்றே இறக்கினார். நாலு சக்கரமும் கவ்விக்கொண்டு ஏறி வந்தது ஜீப். நல்ல வேலை செய்திருந்தார், நியாயமாகச் சொல்ல வேண்டும்.

இறங்கிச் சாவியை ஆபீசரிடம் கொடுத்தார். நான் கையை நீட்டியிருந்தேன்.

அவருடைய ஓலையைக் கிழித்துப் போட்டார்கள். மைன்ஸ் மூடுகிற வரைக்கும் அவர் வேலையில் இருந்தார், அந்த வீட்டிலேயே பெரிய பெண்ணுக்குக் கல்யாணமும் செய்தார். என்னை ஜீப்பிலிருந்து எடுத்து, பேத்தமங்களாவிலிருந்து லைன்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரியில் போட்டார்கள். கூட ஆள் கிடையாது. அந்தத் தண்டனை எனக்குச் சரியாகவே பட்டது. அந்த கிறிஸ்மஸுக்குக் கல்கல் வரவில்லை. கிரேஸ், பிட்டர் மாமா ஏன் வரவில்லை என்று கேட்டாய். அவருக்கு ஷிப்ட் என்று சொன்னேன். அடுத்த வருஷமும் கேட்டாய். அதையே சொன்னேன். மூன்றாவது வருஷம் நீ கேட்கவில்லை.

சாமுவேல், எஸ்டேட்டுக்குப் போனதும் முதல் நாளே அந்த ஜீப்பின் முன் சக்கரத்தைப் பார். ஹப் இருந்தால், மேட்டடியில் நிறுத்து, இறங்கு, கையால் தொட்டுத் திருகு. அடியில் எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும், மேலே எவன் கால் உடைந்து கிடந்தாலும், இறங்கு. ஏறாமல் மாட்டிக்கொண்டால் முதலில் உன் கை செய்ததைப் பார், பிறகு மற்றவன் கை செய்ததைச் சொல். தப்பு உன்னுடையது என்று தெரிந்தால் அந்த நிமிஷமே போய்ச் சொல்லிவிடு. நான் உண்மையைச் சொல்லாமல் விடவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். என்னால் ஆனது அவ்வளவுதான், பிட்டர் மாமா என்னை விட்டுப் போனதும் அந்த இரண்டு நாளால்தான்.

அந்தத் திங்கட்கிழமை எல்லாரும் போன பிறகு நான் மட்டும் வேலியோரம் நின்றேன். மறுநாளிலிருந்து அந்த ஜீப்பை வேறு ஆள் ஓட்டப் போகிறான். வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். ஐந்து நாள் மண், துணிக்கு வரவில்லை. சாக்கை நனைத்துச் சக்கரத்தின்மேல் போட்டு ஊற வைத்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். மேலிருந்து கீழே, பின் சக்கரம், அடிப்பாகம், கடைசியாக முன் சக்கரம். ஹப்பின் பள்ளங்களில் இருந்ததை நகத்தால் எடுத்தேன். அதன்மேல் வெட்டியிருந்த எழுத்து சுத்தமாகத் தெரிகிற வரைக்கும் துடைத்தேன். புது ஆள் முதலில் தார் ரோட்டில்தான் எடுப்பான் என்று நினைத்து இடது பக்கம் ஃப்ரீயில் திருகி வைத்தேன். சுற்றிப் போய் வலது பக்கமும் திருகி வைத்தேன். வாளியைக் கவிழ்த்துவிட்டு நடந்தேன்.